உடங்காட்டுக் காடைகளும் என் கையெழுத்தும்

நிலம் அளக்கும் சங்கிலியின் பின்முனை என் கையில் இருந்தது. முன்முனையை இழுத்துக்கொண்டு போன சர்வேயரம்மா சட்டென்று நின்றார். திரும்பிப் பார்க்காமலே இடது கையை மட்டும் உயர்த்தி, அசையாதீர்கள் என்று காட்டினார். பாம்பு என்றுதான் நினைத்தேன். சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு ஓடத் தயாராகிவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி வெயில், மணி பதினொன்று, பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஓர் உடங்காடு. உடை என்பது எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் குடை விரித்தாற்போல நிற்கும் முள்மரம். அப்படி ஒரு மரத்தடியில், அவருடைய செருப்புக்கு இரண்டடி முன்னால், காய்ந்த புல்லுக்குள் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. ஒரு கைக்குள் அடங்கிவிடும் உருவம். முதுகு சருகின் நிறம், மார்பில் கறுப்பு வரிகள். வெளிறிய கண் மட்டும் எங்களை விடாமல் பார்த்தது.

“அடை இருக்கான், சார். ஆம்பளை. பைய வாங்க” என்றார் சர்வேயரம்மா, குரலைத் தாழ்த்தி. அது குறுங்காடை என்றும், அந்த இனத்தில் பெட்டைதான் உருவத்தில் பெரியது, அதற்குத்தான் தொண்டை கறுப்பு, அதுதான் தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல உறுமிக் கூப்பிடும், முட்டையிட்டுவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவலின் வேலை என்றும் அங்கேயே நின்று சொன்னார். “நல்ல குடும்பம்தான்” என்று நான் சிரித்தேன். “ஏன் சார், ஆம்பளை அடை காத்தா குடும்பம் ஆகாதோ?” என்று கேட்டார். இரண்டு எல்லைக்கற்களுக்கு நடுவில் எங்கள் அளவுக்கோடு நேராக அந்தச் சேவலின் தலைமீதுதான் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் ஒரு மண்ணாங்கட்டியை எறிந்து விரட்டிவிட்டுச் சங்கிலியை இழுத்திருப்பார்கள். அவர் நாலடி தள்ளி ஒரு இணைக்கோடு போட்டு, முளையடித்து, அதிலிருந்து மறுபடி கணக்கிட்டு அளந்தார். முளையடிக்கும் சத்தத்தில் சேவல் ஒருமுறை எழுந்து நின்றபோது, அதன் அடியில் புள்ளி போட்ட முட்டைகளை நானும் பார்த்தேன். அரைநாள் வேலை முக்கால் நாளாயிற்று. அன்று தலையாரி விடுப்பு என்பதால் சங்கிலி பிடிக்க வந்த எனக்குப் பசி காதை அடைத்தது. ஒரு காடைக்காக ஒரு கிராம நிர்வாக அலுவலர் பட்டினி கிடக்க வேண்டுமா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டேதான் நின்றேன்.

நான் ஆற்றங்கரைக்காரன். தாத்தா காலத்தில் தாமிரபரணிப் பாசனத்தில் எங்களுக்கு நெல்வயல் இருந்தது. பிறகு அது விற்றுப்போய் நாங்கள் உத்தியோகக்காரர்கள் ஆனோம். வயல் போனாலும் வயல்காரனின் கண் போகவில்லை. தண்ணீர் பாய்ந்தால் அது நிலம், பச்சையாக இருந்தால் அது அழகு, மற்றதெல்லாம் பொட்டல். இந்த எண்ணம் எங்கள் ஊர்களில் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் உண்டு. ஆற்றைவிட்டு நாலு மைல் தெற்கே வந்துவிட்டால் “அங்க என்னடே இருக்கு, வெறுங்காடு” என்று உதட்டைப் பிதுக்குவோம். நான் வேலை பார்த்ததோ அந்த வெறுங்காட்டில்தான். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் அடங்கல் புத்தகத்தில் வருஷா வருஷம் அந்த உடங்காட்டின் சர்வே எண்ணுக்கு நேராகத் ‘தரிசு’ என்று எழுதுவேன். போன வருஷம் எழுதியதைப் பார்த்து இந்த வருஷம் எழுதுவேன். எனக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். யாரும் போய்ப் பார்த்து எழுதியதில்லை.

சர்வேயரம்மா கல்லிடைக்குறிச்சிக்காரர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். அவரும் ஆறும் வயலும் பார்த்து வளர்ந்தவர்தான். ஆனால் அவருக்கு அந்தப் பொட்டல் தெரிந்ததுபோல எனக்குத் தெரியவில்லை. காரணம் எளிமையானது. நான் சைக்கிளில் போய்க் கையெழுத்து வாங்கித் திரும்புகிறவன். அவர் கல்லுக்குக் கல் நடந்தவர். அளவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். எந்தச் சர்வே எண்ணில், எந்த மாதம், எந்தக் காடை என்று. கல்லும் முள்ளுமான மேட்டில் புதர்க்காடை. அவை கூட்டமாக இருக்கும், காலடி வரும்வரை மூச்சுக் காட்டாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக நாலு பக்கமும் சிதறும், பிறகு ஒன்றையொன்று கூப்பிட்டுச் சேர்ந்துகொள்ளும். மழை பெய்து புல் முழங்காலளவு வந்துவிட்டால் மழைக்காடை. சேவலுக்கு நெஞ்சில் கறுப்புத் திட்டு இருக்கும், விசில் மாதிரி இரண்டிரண்டாகக் கூப்பிடும். வடக்கேயிருந்து குளிர்காலத்தில் வந்துபோகும் சாம்பல் காடை, சோளமும் கம்பும் அறுத்த பின் நிற்கும் அடித்தாளில் மேயும். உடைமர நிழலில் நான் பார்த்த குறுங்காடை. நமக்கு எல்லாம் ஒரே காடைதான். ஒவ்வொன்றுக்கும் வேறு தரை வேண்டும், ஒன்றுக்குக் கல், ஒன்றுக்குப் புல், ஒன்றுக்குத் தாள் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எதற்குமே நெருக்கமான மரக்காடு ஆகாது. “திறந்து கெடந்தாதான் சார் இதுகளுக்கு வீடு” என்பார்.

அந்த உடங்காட்டை நாங்கள் அளந்ததற்குக் காரணம் ஒரு பசுமைச் சங்கம். திருநெல்வேலி டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சிதான் தலைவர். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார், பள்ளிக்கூடங்களுக்கு நாற்காலி வாங்கிக் கொடுப்பார். பொட்டல்களையெல்லாம் சோலையாக்க வேண்டும் என்பது அவருக்கு மெய்யாகவே ஆசை. வேம்பு, புங்கை, பூவரசு, சரக்கொன்றை எல்லாம் வைத்து வனம் உண்டாக்கப்போகிறோம், அரசுத் தரிசாகக் கிடக்கும் அந்த இடத்தைக் கொடுங்கள் என்று மனுக் கொடுத்திருந்தார். ஆற்றங்கரை மூளைக்கு இதைவிட நல்ல காரியம் தோன்றுமா? மேலதிகாரிகள் எல்லோரும் மகிழ்ந்து போனார்கள். நானும்தான்.

சர்வேயரம்மா மட்டும், நிலத்தை அளந்து வரையும் புலப்படத்தின் குறிப்புரையில், பாறை எங்கே ஓடை எங்கே என்று எழுத வேண்டிய இடத்தில், இது வெறும் தரிசு இல்லை என்றும், நான்கு வகைக் காடைகள் தங்கும் இடம் என்றும், புதர்க்காடையும் குறுங்காடையும் முட்டையிடுவதை நேரில் பார்த்ததாகவும், குழி தோண்டினால் அவை அழியும் என்றும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தாசில்தார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னம்மா இது, புலப்படத்துல காடை கவுதாரின்னு எழுதிக்கிட்டு? கல்லு எங்க, வரப்பு எங்கன்னு போட்டாப் போதாதா?”

“இருக்கதத்தான் சார் எழுதியிருக்கேன்.”

“பறவைன்னா பறந்து போயிரும்லா. வேற இடத்துல போயி இருந்துக்கிடும்.”

“எங்க சார் போகும்? வடக்க நெல்லுவயல். கிழக்க மனை போட்டுக் கல்லு நட்டாச்சி. மேற்க செங்கச் சூளை. இது ஒண்ணுதான் மிச்சம்.”

தாசில்தார் என்னைப் பார்த்தார். “வியேவோ, நீரு சொல்லும் வே. உம்ம கிராமம்தான. அங்கன என்ன இருக்கு?”

அந்தக் கணத்தை எத்தனையோ தடவை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. ஒரு சல்லிக்காசு கைமாறவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் இன்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வேறு வேலை இருந்தது, பேச்சு சீக்கிரம் முடிந்தால் தேவலை என்றிருந்தது. அவ்வளவுதான். “முள்ளுதான் சார் இருக்கு” என்றேன்.

சர்வேயரம்மா என் பக்கம் திரும்பினார். “நீங்களும்தான சார் பாத்திய? முட்டையப் பாத்தியளா இல்லையா?” என்றார். நான் தாசில்தார் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். கட்டடங்கள் என்று ஒரு கட்டம், கிணறுகள் என்று ஒன்று, பயன்தரு மரங்கள், வழிபாட்டிடங்கள், தாவரங்கள் மற்றும் உயிரினங்கள் என்று வரிசையாக இருந்தன. முதல் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். மற்றவற்றுக்கு அதே மாதிரி என்று குறிக்கும் இரட்டைக் கோடுகளை மேலிருந்து கீழே போட்டுக்கொண்டே போனேன். எங்கள் இலாகாவில் எல்லோரும் அப்படித்தான் நிரப்புவோம், பேனா நிற்கவே நிற்காது. நான்கு வகைக் காடைகளும் அவற்றின் முட்டைகளும் ஒரு இரட்டைக் கோட்டில் முடிந்தன. சர்வேயரம்மாவின் குறிப்புரைத் தாள் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டு, வேறு தாள் வைக்கப்பட்டது. அதில் அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வேறொரு சர்வேயரை வரவழைத்துப் போட வைத்தார்கள்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் வேலை தொடங்கியது. புல் முளைத்துப் பூச்சி பெருகுகிற, காடைகள் முட்டையிடுகிற அதே நாட்கள்தான் மரக்கன்று நடவும் தோது. ஜேசிபி இரண்டு வந்தன. முதலில் முட்புதர்களை வழித்தெடுத்துக் குவித்துத் தீ வைத்தார்கள். பிறகு வரிசை வரிசையாகக் குழி. கல்லூரிப் பிள்ளைகள் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து கன்று நட்டார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை கட்டினார்கள். குழி தோண்டுகிற பையன்கள் மதியச் சாப்பாட்டுக்குப் புள்ளி போட்ட முட்டைகளை அவித்துத் தின்றதை என் கண்ணால் பார்த்தேன். அவர்களைச் சொல்லி என்ன பயன்? அங்கே உயிரினம் எதுவும் கிடையாது என்று அரசாங்கமே சான்று கொடுத்திருக்கிறதே.

சர்வேயரம்மா ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு, பொதுமக்களோடு பொதுமக்களாக வரிசையில் நின்று, குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தார். அரசு ஊழியர் அரசுக்கு எதிராக மனுவா என்று அலுவலகத்தில் ஒரே கேலி. “காடையம்மா” என்று பெயரும் வைத்தாயிற்று. மனு சுற்றிச் சுற்றிச் சங்கத்துக்கே வந்து சேர்ந்தது. அண்ணாச்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். அவர் மனம் இளகிப்போய், “காடை போச்சின்னு ஒரு அம்மா வருத்தப்படுதாகளாம். அதுக்கென்ன, காடையைக் கொண்டாந்து விட்டுருவோம்!” என்று சொல்லிவிட்டார்.

அந்த விழாவை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. பந்தல், ஒலிபெருக்கி, வந்தவர்களுக்குக் கேசரியும் மிக்சரும். ஒரு பண்ணையிலிருந்து பிளாஸ்டிக் பெட்டி பெட்டியாகக் காடைகள் வந்து இறங்கின. பரோட்டாக் கடைகளில் மசாலா தடவித் தொங்கவிடுகிற அதே ஜப்பான் காடை. கம்பிக் கூண்டில் பல்பு வெளிச்சத்தில் பிறந்தவை, மண்ணை மிதித்தறியாதவை. அண்ணாச்சி கைதட்டலுக்கு நடுவில் முதல் பெட்டியைத் திறந்தார். எதுவும் வெளியே வரவில்லை. இரண்டாவது பெட்டியிலும் அப்படியே. கடைசியில் ஆட்கள் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் கொட்டினார்கள். கொட்டிய இடத்திலேயே அவை ஒன்றோடொன்று ஒண்டி நின்றன. வெயில் கண்ணைக் கூச, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டன. பிறகு பண்ணை ஆள் தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் நடக்கவும், அத்தனையும் குடுகுடுவென்று அவன் பின்னாலேயே ஓடின. கூட்டம் சிரித்தது. “பாத்தியளா, என்னா பாசம்!” என்று அண்ணாச்சி ஒலிபெருக்கியிலேயே சொன்னார்.

ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பெட்டை வெறும் மண்ணில் ஒரு முட்டையை இட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. சர்வேயரம்மா அதை எடுத்து அண்ணாச்சியிடம் கொண்டுபோனார்.

“அண்ணாச்சி, இதை யாரு அடை காப்பா?”

“இதென்னம்மா கேள்வி? தாய்தான்.”

“இந்தப் பண்ணைச் சாதிக்கு அடை இருக்கதே மறந்துபோச்சி. மிசின்லதான் பொரிக்காக. விசாரிச்சிப் பாருங்க.”

“எல்லாம் பழகிக்கிடும்மா. நீங்க கேசரி சாப்பிட்டியளா?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “சார், நீங்களாவது சொல்லுங்க. பழகிக்கிடுமா?” என்றார். என் கையில் மிக்சர்ப் பொட்டலம் இருந்தது. அண்ணாச்சிக்குப் பக்கத்தில் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். “பாப்போம்மா” என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் அந்த முட்டையை மேசையில், மாலைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்துபோய்விட்டார். என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மறுநாள் காலையில் நான் போனபோது கன்றுக் குழிகளெல்லாம் இறகாகக் கிடந்தன. சூளைப் பக்கத்து நாய்கள் வயிறு புடைக்கப் படுத்துக் கிடந்தன. காக்கைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. செய்தித்தாளில் மட்டும் படத்தோடு நல்லபடியாக வந்திருந்தது.

இரண்டு மாதத்தில் சர்வேயரம்மாவை மேற்கே, மணிமுத்தாற்றுக்கு அப்பால் மலையடிவாரத்துக்கு மாற்றினார்கள். நிர்வாகக் காரணம் என்றது உத்தரவு. அங்கேயும் அளவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஓய்வுபெற்றுக் கல்லிடைக்குறிச்சிக்கே போய்விட்டார். இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. நட்ட கன்றுகளோ அடுத்த சித்திரையைத் தாண்டவில்லை. ஊற்றத் தண்ணீர் ஏது? குழி தோண்டிய இடமெல்லாம் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. அதற்குள் காடை என்ன, கீரிகூட நுழையாது. சங்கத்தின் பலகை மட்டும் முன்னால் நிற்கிறது. அதில் ஒரு காடையின் படம் இருக்கிறது, அதுவும் பண்ணைக் காடை. நல்லது செய்கிறேன் என்று இறங்குகிறவர்கள் முதலில் அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று கேட்க மாட்டார்களா? கேட்டதற்குப் பதில் எழுத வேண்டியவன் இரட்டைக் கோடு போட்டுவிட்டுப் போனால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

ஆனால் சங்கத்துக்குக் கொடுத்தது அந்தச் சர்வே எண்ணில் பாதியைத்தான். ஓடைக்குத் தெற்கே உள்ள மறுபாதி யார் கையும் படாமல் கிடந்தது. ஓய்வுபெற்ற பிறகு நான் அடிக்கடி அங்கே போவேன். முதலில் குற்ற உணர்ச்சியில் போனேன், பிறகு பழக்கமாகிவிட்டது. போன மழைக்குப் பிறகு ஒரு காலையில் போனபோது புதர்க்காடைக் கூட்டம் ஒன்று என் காலடியிலிருந்து வெடித்துச் சிதறியது. அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று கூப்பிட்டது, ஓடைப் பக்கமிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. சர்வேயரம்மா சொன்னபடியே ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. அறுபத்தைந்து வயதில் வாய்விட்டு அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

சென்ற மாதம் அந்த மறுபாதியில் சிவப்புச் சாயம் பூசிய முளைகளைப் பார்த்தேன். சூரிய மின்சாரப் பலகைகள் வைக்க ஒரு கம்பெனி கேட்டிருக்கிறதாம். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் நான்கு வகைக் காடைகளையும் எழுதி, எங்கே எப்போது பார்த்தேன் என்று குறித்து, ஒரு மனுவோடு போனேன். ஒருகாலத்தில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண் இருக்கிறார். மரியாதை தெரிந்த பிள்ளை. எழுந்து நின்று நாற்காலி போட்டு, மனுவை முழுக்கப் படித்தார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“சார், இது உங்க கையெழுத்துதான?”

ஆமாம். என் கையெழுத்துதான். மேலிருந்து கீழே என் இரட்டைக் கோடுகள். சான்று முழு சர்வே எண்ணுக்கும் கொடுத்தது, பாதிக்கு என்று பிரித்து எழுதவில்லை.

“கம்பெனிக்காரங்க இதைத்தான் சார் இணைச்சிருக்காங்க. உயிரினங்கள் இல்லைன்னு நீங்களே சான்று கொடுத்திட்டு, இப்ப நீங்களே இருக்குன்னா, மேல கேக்க மாட்டாங்களா? இதை எதிர்த்து வேற எந்தத் தாளும் கோப்புல இல்ல, சார்.”

வேறொரு தாள் இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லலாம். யார் நம்புவார்கள்? அந்தப் பெண் குற்றம் சொல்லும் குரலில் பேசவே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன். அங்கேயே, அவர் மேசையிலேயே, நின்றுகொண்டு எழுதினேன். கீழே ‘நகல்’ என்று போட்டு, ஓய்வுபெற்ற சர்வேயரம்மாவின் பெயரையும் கல்லிடைக்குறிச்சி முகவரியையும் குறித்தேன்.

“இவங்க யாரு சார்? இவங்களுக்கு எதுக்கு நகல்?”

“இந்த எடத்தப் பத்தி மொதல்ல சரியா எழுதுனவங்கம்மா.”

அவர் தாளை வாங்கி, பதிவேட்டில் ஏற்றுவதற்காக, அலுவலக வழக்கப்படி வாய்விட்டுப் படித்தார். “மேற்படி சர்வே எண்ணுக்கு அப்போதைய கிராம நிர்வாக அலுவலராகிய நான் அளித்த சான்று பொய்யானது. அந்த நிலத்தில் காடைகள் அடைகாத்ததை நான் நேரில்...” என்று வந்ததும் குரல் தேய்ந்தது. மிச்சத்தை மனதுக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், பென்சனுக்கு ஏதாவது வந்துரப் போகுது. இதை இப்பிடியே பதியவா?”

“சத்தமாப் படிச்சி முடிங்கம்மா, அப்பறம் பதிங்க” என்றேன்.

அவர் மறுபடி தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தார். “நான் நேரில் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று எழுதினேன்.”